உசனாருக்கு இருமத் தெரியாது

உசனார் நானாவைக் கிழவர் என்று சிபாரிசு செய்தவன் நான்தான். அதனால் அவருடைய கல்யாணம் குழம்பப் பார்த்தது. நானா என்று அண்ணன் முறையில் கூப்பிட்டாலும் அவருக்கும் எனக்கும் இரண்டு மூன்று வயதுதான் இடைவெளி. ஆனால் கிழவர் ஒருவர் வேண்டும் என்று யாராவது கேட்டால் மனிதனுடைய விரல் தன் பக்கம் திரும்புவதில்லை. அடுத்த வீட்டுப் பக்கம்தான் நீளுகிறது.

கேட்டவன் ஃபாஹிம். என்னிடம் தமிழ் படித்தவன். கல்யாண வீடுகளில் வீடியோ எடுத்துப் பிழைக்கிறான். கலைப்படம் எடுத்து வாழ ஆசைப்படுகிறான். முதியோர் தினத்தை ஒட்டி நடந்த ஒரு குறும்படப் போட்டிக்குக் கதை எழுதிக்கொண்டு நுரைச்சோலையில் என் வீட்டுக்கு வந்திருந்தான். களப்பு என்கிற கடலேரியின் ஓரத்துக் குடிசையில் ஒரு கிழவர். மகன் வெளிநாட்டில். கிழவர் தண்ணீரைப் பார்க்கிறார், இருமுகிறார், மகன் அழைப்பானா என்று கைபேசியைப் பார்க்கிறார், மறுபடி இருமுகிறார், கண்ணை மூடி மௌத்தாகிறார். அதன் பிறகு கைபேசி அடிக்கிறது. அவ்வளவுதான் கதை.

இந்த மாதிரிக் கதைகளை எதிர்ப்பதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. சினிமா வயதானவர்களை எப்படிக் காட்டுகிறது என்று புத்தளத்தில் ஓர் இலக்கியக் கூட்டத்தில், தேநீர் ஆறிப்போகும் வரை பேசியிருக்கிறேன். அறுபது தாண்டியவருக்குச் சினிமா ஒரு போர்வையும் ஓர் இருமலும் கொஞ்சம் புத்திமதியும் கொடுத்து மூலையில் உட்காரவைக்கிறது என்றேன். அவருக்குப் பசிக்காது, அவர் வங்கி வரிசையில் நின்று யாரோடும் சண்டை பிடிக்கமாட்டார், யாரையாவது விரும்பினால் கொட்டகை சிரிக்கும். அதே வயதுக் கதாநாயகன் மட்டும் மகள் வயதுப் பெண்ணோடு மலை உச்சியில் ஆடுவான். அவனுக்குத் தாயாக வருகிறவர் அவனைவிட இளையவராக இருப்பார். ஆக, கிழவர் என்று ஒத்துக்கொண்டவர் சாகிறார், ஒத்துக்கொள்ளாதவர் கதாநாயகன் ஆகிறார் என்று முடித்தேன். கை தட்டினார்கள். தட்டியவர்களில் பெரும்பாலானோர் என் வயதுக்காரர்கள்.

இப்படிப் பேசிய நான் ஃபாஹிமின் கதையை வாசித்துவிட்டு நல்லாயிருக்கிறது என்றேன். ஆலோசகர் என்று என் பெயர் திரையில் தனியாக வரும் என்று அவன் சொன்னதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்றே நம்ப விரும்புகிறேன்.

என் அடுத்த வீட்டு உசனார் நானா எழுபதைத் தாண்டியவர். இளவயதில் கற்பிட்டிப் பக்கத்தில் படகுக்குப் போனார். பிறகு லொறி ஓட்டினார். லொறியில் ஏற்றிய கருவாட்டில் லாபம் ஓட்டுகிறவனுக்கு வருவதில்லை என்று கண்டுகொண்ட பிறகு கருவாட்டு வியாபாரியானார். இன்றைக்கும் விடியற்காலையில் பைக்கின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு சிலாபம் சந்தைக்குப் போகிறார். அங்கே சிங்களத்தில் விலை பேசுவார், தமிழில் ஏசுவார். மனைவி கமறியா வயிற்றுப் புற்றுநோயில் நெடுநாள் கிடந்து மௌத்தானவர். இரண்டு பெண்மக்களும் கொழும்பில். தாடிக்கு மருதோண்டி போட்டு நல்ல செம்மண் நிறத்தில் வைத்திருப்பார். வீடு ஓடு போட்டது. தரையில் மாபிள் பதித்தது. வீட்டுக்குப் பின்னால் கருவாடு காயவைக்கிற வாடி, தென்னங்கிடுகு வேய்ந்த சுவரில்லாத கொட்டில்.

இவர் நடிக்கச் சம்மதித்ததற்குக் காரணம் சுல்பா. தில்லையடியில் அபாயா தைத்துக் கொடுக்கும் விதவை, அறுபதை நெருங்குகிறார். உசனாரின் தங்கை பளீலா வழியாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சுல்பாவின் கணவர் பாரிசவாதத்தில் வருஷக்கணக்காகப் படுக்கையில் கிடந்தவர். ஆகவே அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. மாப்பிள்ளை கொடுக்கிற மஹரைப் பற்றியும் இல்லை, வீட்டைப் பற்றியும் இல்லை. ஆள் எழும்பி நடமாடுகிறவராக இருக்கவேண்டும். இன்னொரு மனிதரைக் கட்டிலில் வைத்துப் பார்க்கத் தன்னால் ஏலாது.

இந்தக் கல்யாணச் சேதியை உசனார் என்னிடம் முதன்முதலில் சொன்னபோது நான் சிரித்தேன். கொட்டகை சிரிக்கும் என்று மேடையில் கண்டித்தேனே, அதே சிரிப்பு. அவர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அடைமழை விடுவதற்குக் காத்திருக்கிறவரைப் போல.

படத்தைப் பற்றிச் சொன்னதும் அவருடைய கணக்கு வேகமாக ஓடியது. படம் தில்லையடியில் எல்லோருடைய கைபேசியிலும் வரும். சுல்பா பார்ப்பார். தண்ணீர் ஓரத்தில் நிமிர்ந்து நடக்கிற உசனாரைப் பார்ப்பார். கதை என்னவென்று கேட்டார். களப்பங்கரையில் வாழ்கிற ஒரு மனிதருடைய கதை என்றேன். அது பொய்யில்லை. அவர் எவ்வளவு நேரம் வாழ்வார் என்பதைத்தான் சொல்லவில்லை.

படப்பிடிப்பு முதல் நாளே சிக்கலாகியது. ஃபாஹிம் அவரை "அப்பா" என்று கூப்பிட்டான். எங்கள் பேச்சில் அப்பா என்றால் பாட்டனார். மாமா என்று சொல்லும்படி உசனார் திருத்தினார். பிறகு நடக்கச் சொன்னார்கள். அவர் நடந்த வேகத்துக்குக் கமெராவைத் தூக்கிக்கொண்டு பின்னால் போன பையன்கள் மூச்சு வாங்கினார்கள். குனிந்து நடக்கச் சொன்னால் யாருக்கோ ஸலாம் சொல்லப் போகிறவரைப் போலக் குனிந்தார். செந்தாடியை வெள்ளையாக்கக் குழந்தைப் பவுடர் அப்பினார்கள். வெயிலில் வியர்த்ததும் தாடி ரோஸ் நிறமாகியது. அவர் வெறித்துப் பார்க்கவேண்டிய திசையில் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி நின்றது. அது தெரியாமலிருக்கத் திருப்பினால் காற்றாலைகள். கடைசியில் உசனார் தன்னுடைய வேலியை வெறித்துப் பார்த்தார். படத்தில் அது முடிவற்ற நீர்ப்பரப்பு.

இருமல்தான் வரவேயில்லை. இருமச் சொன்னால், சந்தையில் எதிர்க்கடைக்காரனைக் கூப்பிடுகிறவரைப் போலத் தொண்டையைச் செருமினார். ஃபாஹிம் அலுத்துப்போனான். நான் ஆலோசகர் அல்லவா, முன்னால் வந்து, இப்படி நெஞ்சுக்கடியிலிருந்து வரவேண்டும் நானா, என்று இருமிக் காட்டினேன். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"சேர், இன்னொருக்கா," என்றான் ஃபாஹிம்.

இன்னொருக்கா இருமினேன். ஒலிவாங்கி பிடித்துக்கொண்டிருந்த பையன் எனக்குத் தண்ணீர் கொண்டு வந்தான். நான் நடித்துத்தான் காட்டினேன் என்பதை அவர்களிடம் விளக்கத் தொடங்கினேன். விளக்கத்துக்கு நடுவிலும் இருமல் வந்தது.

"சேருக்கு வார மாதிரி எனக்கு வராது மகன்," என்றார் உசனார். "அது வருஷக்கணக்காப் பழகணும்."

கடைசிக் காட்சியை ஒரு வெள்ளிக்கிழமைக்கு வைத்தார்கள். கிழவர் கட்டிலில் கிடக்கிறார்; உயிர் லேசாகப் பிரியவேண்டுமென்று சுற்றியிருந்து குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதுகிறார்கள். இதில் மௌத்தாகவேண்டும் என்று அன்றைக்குத்தான் உசனாருக்குத் தெரிந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார். அன்றைக்கே இன்னொரு விசயமும் இருந்தது. சுல்பாவின் மகன் ஸஜீத் மாப்பிள்ளை பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்தில் இது வழக்கம்: பேச்சு ஓரளவு படிந்த பிறகு பெண் பக்கத்தார் வந்து ஆளையும் வீட்டையும் பார்த்துத் தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள். ஸஜீத் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வருவார், அதற்குள் முடித்துத் தருகிறேன் என்று ஃபாஹிம் வாக்குக் கொடுத்தான். கலைஞர்களுடைய வாக்கு வெளிச்சத்தைப் பொறுத்தது. அன்றைக்கு அவனுக்குப் பிடித்த வெளிச்சம் அஸருக்குப் பிறகுதான் வந்தது.

உசனாருடைய வீடு சாகிறதற்குத் தோதானதில்லை என்று ஃபாஹிம் கருதினான். மாபிளும் குளிர்சாதனப் பெட்டியும் யாரையும் அழவைக்காது. ஆகவே வாடியிலிருந்த கருவாட்டை அப்புறப்படுத்திவிட்டு அங்கே ஒரு பழைய கட்டிலைப் போட்டார்கள். கருவாடு போனது, மணம் போகவில்லை. ஊர்ப் பூனைகள் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தன.

ஓதுவதற்கு ஃபாஹிம் நாலைந்து இளைஞர்களைக் கூட்டி வந்திருந்தான். இங்கேதான் அவனும் நானும் ஒன்றை மறந்தோம். மற்ற எதையும் நடிக்கலாம். யாசீனை நடிக்க முடியாது. ஓதினால் அது ஓதினதுதான். பையன்கள் மனமுருகி ஓதினார்கள். வாடிக்குச் சுவர் இல்லை. சத்தம் பின்பக்கத்து ஒழுங்கைக்குப் போயிற்று. போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். யாசீன் கேட்கிற வீட்டில் என்ன, ஏது என்று யாரும் கேட்பதில்லை. செருப்பைக் கழற்றி, தலையை மூடி, இடம் பார்த்து உட்கார்ந்து கூடவே ஓதுவார்கள். அப்படியே செய்தார்கள். வாடி நிறைந்தது. கமெரா ஒரு மூலையில் கிடுகோடு கிடுகாக நின்றது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. இவ்வளவு கூட்டம் செலவில்லாமல் கிடைத்த சந்தோசத்தில் ஃபாஹிம் நிறுத்தச் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஓதலில் எனக்கே மனம் இளகிவிட்டது. ஒரு யாசீன் கிதாபை எடுத்து நானும் ஓதத் தொடங்கியிருந்தேன்.

இந்த நேரத்தில் வெளியில் ஓர் ஆள் வந்து நின்றார். உயரமானவர், கண்ணாடி போட்டவர், கையில் தோடம்பழப் பை. முகம் வெளுத்திருந்தது. யாரோ தூரத்துச் சொந்தம் என்று நினைத்து, வந்து இருங்கள் என்று சைகை காட்டி, பக்கத்தில் இடம் விட்டு, அவர் கையிலும் ஒரு கிதாபைக் கொடுத்தேன். அவர் உட்கார்ந்தார். ஒரு பக்கம் ஓதினார். கண் கலங்கியது.

அடுத்த வளவில் குடியிருக்கிற, எல்லோருக்கும் அக்கா முறையான றுக்கியா ராத்தா ஒரு சின்னப் போத்தலோடு வந்தார். ஹஜ்ஜுக்குப் போனபோது கொண்டு வந்த ஸம்ஸம் தண்ணீர். தன்னுடைய கடைசி நேரத்துக்கென்று அலுமாரியில் பூட்டி வைத்திருந்தது. யாரையும் கேட்காமல் கட்டிலருகே போய், உசனாரின் தலையைத் தூக்கி, ஒரு தேக்கரண்டி தண்ணீரை வாயில் விட்டார். கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, மௌத்தாவதற்குத் தயாராக இருந்தவருக்கு அது புரையேறியது.

இருமினார். என்னிடம் படித்தும் வராத இருமல் வந்தது. கட்டில் குலுங்கியது. முகம் சிவந்து, கண் பிதுங்கி, கைகளை ஆட்டினார். பெண்கள் அழத் தொடங்கினார்கள். ஃபாஹிமும் அழுதான், அவனுடையது ஆனந்தக் கண்ணீர். என் பக்கத்திலிருந்தவர் கிதாபை நெஞ்சில் வைத்துக்கொண்டு எழும்பினார், எதையோ முணுமுணுத்தார், தோடம்பழப் பையை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

புரை தெளிந்ததும் உசனார் எழும்பி உட்கார்ந்தார். கலிமா சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த றுக்கியா ராத்தா பாதியில் நிறுத்தினார்.

"ராத்தா, எனக்கு ஒண்டுமில்ல. இது படம்."

றுக்கியா ராத்தா போத்தலைத் தூக்கி எவ்வளவு மிச்சமென்று பார்த்தார். "மௌத்தாகாத மனிசனுக்கா நான் இதக் குடுத்தன்," என்றார். கோபத்தில் அல்ல, உண்மையாகவே கேட்டார்.  கூட்டம் செருப்புகளைத் தேடிக்கொண்டு ஒவ்வொருவராகக் கலைந்தது. ஒரு சிலர் மனம் குறைந்தவர்களாகத்தான் போனார்கள்.

வாசலிலிருந்த பையைப் பார்த்து யார் வந்தது என்று உசனார் கேட்டார். உயரமானவர், கண்ணாடி போட்டவர், நல்ல பிள்ளை, என்னோடு இருந்து ஒரு பக்கம் ஓதினார் என்றேன். உசனார் அந்தக் கட்டிலிலேயே மறுபடி உட்கார்ந்தார். ஃபாஹிம் கமெராவைத் திருப்பினான். அந்த முகத்தைத்தான் அவன் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்தான்.

இருட்டி, மஃரிப் தொழுகைக்குப் பிறகு பளீலா கைபேசியில் பேசினார். தில்லையடியில் வேண்டாமென்று சொல்லிவிட்டார்களாம். கோபமாகச் சொல்லவில்லையாம். ஸஜீத்துக்குத் தன் வாப்பாவின் ஞாபகம் வந்து வீட்டுக்குப் போனதும் அழுதாராம். மாப்பிள்ளைக்குக் கருவாட்டு வாடிதான் வீடு என்றும் சொன்னாராம். சுல்பா மட்டும், அல்லாஹ் அவருக்கு லேசாக்கி வைக்கட்டும் என்று துஆ செய்தாராம். தன்னைக் கட்ட இருந்தவருடைய நல்ல மௌத்துக்குத் துஆ செய்கிற பெண்ணை எப்படிக் கோபிப்பது என்று உசனாருக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் பைக்கில் தில்லையடிக்குப் போனோம். பழி என்மேல் என்பதால் சாட்சி சொல்ல என்னையும் ஏற்றினார். நுரைச்சோலையிலிருந்து அவர் ஓட்டிய வேகத்தில் நான் ஓதாத ஸூரா இல்லை. சுல்பாவின் தையல்கடை வாசலில் இறங்கினோம். தூசி நெஞ்சில் ஏறிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினேன். உசனார் தலைக்கவசத்தைக் கழற்றிக் கண்ணாடியில் தாடியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

சுல்பா தையல் இயந்திரத்தை விட்டு எழும்பி வந்தார். உசனாரை நேரில் கண்டவரில்லை. இரண்டு பேரையும் ஒரு தடவை பார்த்தார். ஒரு கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டார்.

"ஸஜீத் செல்லித்தான் இரிந்தான்," என்றார் என்னிடம், மிகவும் இரக்கமாக. "இந்த நெலமையில ஏன் பைக்கில வந்தீங்க? இரிங்க, இரிங்க. இவர் ஆர், ஒங்கட தம்பியா?"

நான் மறுத்துப் பேசியிருப்பேன். மூச்சு வரவேண்டுமே.

உசனார் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். படத்தைப் பற்றிச் சொன்னார், றுக்கியா ராத்தாவின் ஸம்ஸத்தைப் பற்றிச் சொன்னார், வாடிக்கு முன்னால் ஓட்டு வீடு இருக்கிறதைச் சொன்னார். சுல்பா சிரிக்காமல் கேட்டார். பிறகு படத்தைப் பற்றிச் சில கேள்விகள் கேட்டார். இலக்கியக் கூட்டத்தில் யாரும் கேட்காதவை. அந்த மனிதருக்கு யார் சோறு ஆக்குகிறது என்றார். காட்டவில்லை என்றோம். உடுப்புக் கழுவுகிறது யார்? அதுவும் இல்லை. பக்கத்து வீடே கிடையாதா? ஒருவருமே எட்டிப் பார்க்கமாட்டார்களா? நான் தனிமையின் குறியீடு பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். உசனார் என் முழங்காலில் கையை வைத்தார்.

சுல்பா மேசையிலிருந்த துணியை மடித்தார். மடித்ததை விரித்து மறுபடி மடித்தார்.

"படத்த விடுங்க. நீங்க நோயில விழமாட்டீங்க எண்டு செல்லுங்க பாப்பம்."

இந்த இடத்தில் ஓம் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். சிலாபம் சந்தையில் போன மாதக் கருவாட்டை நேற்றுக் காய்ந்தது என்று சத்தியம் பண்ணாத குறையாக விற்கிறவர் அவர்.

"அது செல்ல ஏலாது," என்றார் உசனார். "எனக்கும் வயசு போகிதுதானே. ஆனா நீங்க விழுந்தா நான் பாப்பன். கமறியாவ நான்தான் பாத்த. புள்ளைகள் வந்து வந்து போனாங்க. குளிப்பாட்டினதும் ஊட்டினதும் நான்தான். எனக்குத் தெரிஞ்ச வேல."

இது எனக்கும் தெரிந்த விசயம். அந்தக் காலம் முழுவதும் அவர் சந்தைக்குப் போகாமல் இருந்ததை வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தவன் நான். ஆனால் ஃபாஹிம் வந்து ஒரு கிழவர் வேண்டுமென்று கேட்டபோது அதில் ஒன்றும் என் ஞாபகத்துக்கு வரவில்லை. தாடியும் வயதும்தான் வந்தன.

சுல்பா மடித்த துணியை மேசையில் வைத்தார். இதுவரை அவரைக் கேட்டு வந்தவர்களெல்லாம் அவர் தங்களைப் பார்த்துக்கொள்வாரா என்றுதான் பார்த்திருப்பார்கள் போலும். பிறகு குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்:

"எனக்கு சீனி வருத்தம் இரிக்கி. காலில புண் வந்தா லேசில ஆறாது. ஸஜீத் அத ஒங்களுக்குச் செல்லல்ல. நான்தான் செல்ல வேணாம் எண்ட."

"ஓம், தெரியாது."

"தெரிஞ்சிருந்தா வந்திருப்பீங்களா?"

"பைக்கில ஏற ஏலுமா எண்டு மட்டும் கேட்டிருப்பன்."

அப்போதுதான் சுல்பா சிரித்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, இனி அந்தக் கட்டிலில் போய்ப் படுக்கக்கூடாது என்றார். மகனோடு தான் பேசிக்கொள்வதாகவும் சொன்னார். பிறகு எனக்குத் தேநீர் கொடுத்தார். சீனி போடாமல், இஞ்சி தட்டிப் போட்டு.

உசனார் சுல்பாவின் சொல்லைத் தட்டவில்லை, அந்தக் கட்டிலில் மறுபடி படுக்கவில்லை. ஃபாஹிமுக்கோ இன்னும் ஒரேயொரு காட்சி பாக்கி: உயிர் பிரிந்த பிறகு கைபேசி அடிக்கிற காட்சி. கிழவருடைய முகம் அவ்வளவாகத் தெரியாது, ஆனால் நெஞ்சு தெரியும் என்றான். சொல்லிவிட்டு என் நெஞ்சைப் பார்த்தான். இருமலையும் முழுப் படத்துக்கும் என்னிடமே எடுத்துக்கொள்ளலாம் என்றான். பவுடர் வேண்டுமா என்று கேட்டேன். தேவையில்லை என்றான், மரியாதையாகத்தான். இவ்வாறாக, சினிமாவில் கிழவர்கள் சாவதைக் கண்டித்து வந்த நான் சினிமாவில் செத்தேன். ஆறுதல் பரிசு கிடைத்தது. முதுமையின் தனிமை உயிரோட்டமாக வெளிப்பட்டிருக்கிறது என்று நடுவர்கள் எழுதியிருந்தார்கள். உயிர் போன இடத்தைத்தான் குறிப்பாகப் பாராட்டியிருந்தார்கள்.

நிக்காஹ்வை ஃபாஹிம்தான் வீடியோ எடுத்தான். விருந்து முடிந்த பிறகு அவனை ஓரமாகக் கூப்பிட்டு, இதை அல்லவா நீ படமாக எடுக்கவேண்டும் என்றேன். அவன் பந்தலுக்குள் பார்த்தான். உசனார் ஸஜீத்தோடு புகைபோக்கிப் பக்கம் காட்டி ஏதோ காணி விசயம் பேசிக்கொண்டிருந்தார். சுல்பா றுக்கியா ராத்தாவுக்கு வட்டிலப்பம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இதில என்ன சேர் நடக்கிது?" என்றான். "ரெண்டு பேரும் நல்லாத்தானே இரிக்கிறாங்க."

மாதத்துக்கு ஒரு தடவை அவர்களைப் புத்தளத்தில் கிளினிக்கில் காண்கிறேன். சுல்பா உள்ளே காலைக் காட்டப் போகும்போது அவருடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு உசனார் வெளியில் நிற்பார். பக்கத்தில் இருக்கிறவர்களோடு கருவாட்டு விலை கதைப்பார். நான் நெஞ்சுக்கு வருகிறேன், அது வேறு வரிசை. திரும்பும்போது அவர்கள் இருவரும் பைக்கில் என்னைத் தாண்டிப் போவார்கள். பஸ் நிறுத்தத்தில் நிற்கிற எனக்கு சுல்பா கையைக் காட்டுவார். உசனார் காட்டமாட்டார்; இரண்டு கையும் பிடியில் இருக்கும். அந்த வேகத்துக்கு அதுதான் நல்லது.